பூட்டுக்கு விட்ட எண்ணெய்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் காரின் சாரதிப் பக்கப் பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். இதை எழுத உட்கார்ந்தபோது முதலில் வேறு வரிகள்தான் வந்தன. குளிரைப் பற்றி, புயலைப் பற்றி, மாநகரசபையின் பனி தள்ளும் வாகனத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தபோது எல்லோர் மேலும் குற்றம் இருந்தது, என் மேல் மட்டும் இல்லை. கிழித்துப் போட்டேன். எண்ணெய் விட்டவன் நான்.

அதற்கு முந்திய வாரம் வேலையிடத்தில் கார்ப் பூட்டு உறைந்துபோனது. பிரெஞ்சு பேசும் இந்த மாநகரத்தின் மேற்கோரம், புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை. பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிட்டது. திறப்பு உள்ளே போனது, திரும்பவில்லை. ஆறு மணிக்கு முன்னர் மகளைக் கார்டெரியிலிருந்து, பிள்ளைகள் காப்பகத்திலிருந்து, எடுக்க வேண்டும். அவளுக்கு அப்போது நாலு வயது. ஐந்து நிமிடம் பிந்தினாலும் கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி நிற்பாள். அந்த மூக்கை நினைத்து நினைத்தே மறுபடி மறுபடி திறப்பைத் திருப்பிப் பார்த்தேன்.

களஞ்சியத்தில் என்னோடு வேலைசெய்த மன்னார்க்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தன் காரை நோக்கிப் போனவர் திரும்பி வந்தார்.

"என்ன வாத்தியார், உள்ளுக்கு விடமாட்டன் எண்டு நிக்குதோ?"

"பூட்டு உறைஞ்சு போச்சு அண்ணை."

"பூட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே வாங்கி வைக்கேல்லையே?"

"இருக்கு."

"எங்க?"

"காருக்குள்ள."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "படிச்ச ஆக்கள் எல்லாரும் அதைக் காருக்குள்ளதான் வைக்கிறவை. தண்ணி வாளியை எரியிற வீட்டுக்குள்ள வைச்ச மாதிரி."

லைட்டரை எடுத்து என் திறப்பைச் சூடாக்கினார். பூட்டுக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி சூடாக்கினார். நான் குனிந்து பூட்டுக்குள் ஊதினேன்.

"ஊதாதையும்! வாய்க்காத்தில ஈரம் இருக்கு, அதுவும் ஐஸாகும். எங்கட பழைய வேலையிடத்தில ஒருத்தன் மூத்திரம் பெய்தே திறந்தவன். திறந்தது. பேந்து அவன்ர காரில ஒருத்தரும் ஏறேல்லை."

ஐந்தாவது தடவை திறப்புத் திரும்பியது. போகும்போது சொன்னார்: "சுடுதண்ணி மட்டும் ஊத்திப் போடாதையும். அந்த நேரம் திறக்கும், அடுத்த நாள் பூட்டு முழுக்க ஐஸ். ஒரு எண்ணெய் கிண்ணெய் விட்டு வையும்."

எந்த எண்ணெய் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பூட்டுக்கென்றே கடையில் ஒரு மெல்லிய எண்ணெய் இருக்கிறது என்பது இப்போது தெரியும். அன்று நான் கேட்டது என் காதுக்கு ஏற்கனவே பழகிய ஒரு விஷயம். கேற் பூட்டு, சைக்கிள் பூட்டு, தையல் மெசின், எது இறுகினாலும் ஊரில் எங்கள் வீட்டில் எடுப்பது ஒரே தேங்காயெண்ணெய்ப் போத்தல்தான்.

ஞாயிற்றுக்கிழமை குளிர் திடீரென்று தளர்ந்தது. தை மாதத்தில் இங்கே இரண்டொரு நாள் அப்படி வரும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் தெரு முழுக்கக் கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரவு பனிப்புயல், அதன் பின் கடுங்குளிர் என்று வானொலியில் சொன்னார்கள். புயலுக்கு முன்னர் பூட்டைச் சரிசெய்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

குளியலறை அலுமாரியில் நீலப் போத்தல் இருந்தது. மாரிகாலம் முழுக்க அந்த எண்ணெய் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும். ஒரு கோப்பையில் சுடுதண்ணீர் எடுத்துப் போத்தலை அதற்குள் நிறுத்தி வைத்தேன். உருகிய பிறகு, மகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் சிறிய பிளாஸ்ரிக் ஊசிக்குழாயில் உறிஞ்சி எடுத்தேன்.

மனைவி கதவடியில் நின்று பார்த்தாள். "என்னப்பா, காருக்கும் எண்ணெய் வைச்சுத் தோய வார்க்கப் போறியளோ?"

"பூட்டு இறுகுது. இனி இறுகாது, பாரும்."

பூட்டுத் துளைக்குள் எண்ணெயைச் செலுத்தித் திறப்பைப் பத்துத் தடவை திருப்பினேன். அவ்வளவு இலகுவாக அந்தப் பூட்டு முன்பு ஒருநாளும் திரும்பியதில்லை. டிக்கிப் பூட்டுக்கும் விட்டேன். அந்தக் காரில் வேறு திறப்புத் துளை கிடையாது.

ஊரில் நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன். தேங்காயெண்ணெய் எத்தனை பாகையில் உறையும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் அது உறைந்திருந்ததைக் கண்ணால் கண்டு, என் கையாலேயே உருக்கியிருந்தேன். அப்படியிருந்தும் விட்டேன். இதற்கு விளக்கம் தேடி ஏழு வருடமாகிறது. கை தனக்குப் பழகியதைச் செய்தது, தலை அதைப் பார்க்கவில்லை என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்றிரவு காரைப் பூட்டவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் காரை மாரியில் பூட்டாமல் விடுவது எங்கள் வழக்கம், பூட்டு உறைந்தாலும் காலையில் ஏறலாம் என்பதற்காக.

திங்கள் காலை புயல் ஓய்ந்திருந்தது. முழங்காலளவு பனி. குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு பாகை. வெளியே வந்தவுடன் மூக்குத் துவாரத்துக்குள் இருந்த ஈரம் உறைந்து குத்தியது.

காலையில் காரை எடுப்பதற்கு எனக்கென்று ஒரு முறை இருந்தது. காருக்கு இரண்டு திறப்புகள். ஒன்றைப் போட்டு இயந்திரத்தை இயக்குவேன். மகளைப் பின் ஆசனத்தில் இருத்திப் பட்டி போடுவேன். கதவுகளை உள்ளிருந்து பூட்டிவிட்டு இறங்கிச் சாத்துவேன். இரண்டாவது திறப்பு என் சட்டைப்பைக்குள். கார் சூடாகும் வரைக்கும் பனி வழிப்பேன், பிறகு அந்தத் திறப்பால் திறந்து ஏறுவேன். ஏன் பூட்ட வேண்டும் என்றால், யாரோ ஒருவர் தெப்பனர் என்கிற மூலைக்கடைக்குள் பால் வாங்கப் போன நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்த காரைப் பின்னால் இருந்த குழந்தையோடு கள்ளன் கொண்டுபோனான் என்று ஒரு கதை அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடையே உலாவியது. உண்மையோ தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது. பூட்டியிருந்தால் பிள்ளை பத்திரம். இதை நான் எவரிடமும் கேட்டுச் செய்யவில்லை, நானாகவே யோசித்து உண்டாக்கி, அதைப் பற்றிப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னாலுள்ள புகைக்குழாய் பனியில் புதைந்தால் நச்சுவாயு காருக்குள் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாரியும் வானொலியில் சொல்வார்கள். அன்றும் இயந்திரத்தைப் போடுவதற்கு முன்னர் குழாயைச் சுற்றி வெட்டித் துப்புரவாக்கினேன். குனிந்து பார்த்தேன். அதற்குப் பிறகுதான் இயந்திரத்தைப் போட்டு, மகளை இருத்தி, வழமைபோலக் கதவுகளைப் பூட்டிச் சாத்தினேன்.

காரின் முன்பக்கம் வீட்டை நோக்கி, பின்பக்கம் தெருவை நோக்கி. முன்னாலும் பக்கங்களிலும் வழித்துக்கொண்டிருந்தபோது கார்டெரிக்குக் கொண்டுபோகும் பையை வீட்டுக்குள் விட்டது நினைவுக்கு வந்தது. போனேன். சப்பாத்தைக் கழற்றாமல் எட்டி எடுக்கப் பார்த்த நேரம் தொலைபேசி அடித்தது. வேலையிடத்து மேற்பார்வையாளர். அன்று யார் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் பனி தள்ளும் வாகனத்தின் இரைச்சல் கேட்டது. நல்லதாய்ப் போச்சு, நேரத்துக்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த எண்ணம் அப்படியே, சொல்லுக்குச் சொல், எனக்கு நினைவிருக்கிறது.

எவ்வளவு நேரம் கதைத்தேன் என்று பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பத்து நிமிடம் என்றேன். கூடவும் இருந்திருக்கலாம்.

வெளியே வந்தபோது காரின் பின்பக்கத்தைக் காணவில்லை. வாகனம் தெருப்பனியை ஒதுக்கிக்கொண்டு போனதில், எங்கள் வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு வரம்பு எழும்பிப் பின்விளக்குகள் வரை மூடியிருந்தது. முதலில் எனக்கு வந்தது கோபம்தான். இவ்வளவையும் இனி யார் வழிப்பது என்ற கோபம். அதற்குப் பிறகுதான் பக்கக் கண்ணாடியால் மகளைப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. நித்திரை என்று நினைத்தேன். வெள்ளென எழுப்பினால் அவள் காரில் நித்திரை கொள்வது வழக்கம். கண்ணாடியில் தட்டினேன். பலமாகத் தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை.

திறப்பை எடுத்துச் சாரதிப் பக்கப் பூட்டுக்குள் செலுத்தினேன். பாதிதான் போனது.

இழுத்துப் பார்த்தேன். திறப்பின் பற்களுக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஐஸ் என்று நினைத்தேன். இந்தத் தடவை ஸ்பிரே என் சட்டைப்பைக்குள்தான் இருந்தது. அடித்தேன். அது பூட்டிலிருந்து வழிந்து கதவில் ஓடியது. திறப்பு அதே பாதியில் நின்றது. டிக்கிப் பூட்டு பனிக்குள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வாரம் வாங்கிய லைட்டரைத் தேடி எடுத்தேன். காற்றில் அது பற்றவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

அவள் வீட்டுச் செருப்போடு படியில் வந்து நின்றாள். "என்னப்பா?"

"பூட்டுத் திறக்குதில்லை. பிள்ளை எழும்புறாள் இல்லை."

அவள் கண்ணாடிக்குள் ஒருமுறை பார்த்தாள். திரும்பி உள்ளே ஓடினாள்.

அந்த நேரம் எதிர்வீட்டுக்காரி தன் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும், தனியாக இருப்பவர். 'போன்ஜூர்' என்பதற்கு மேல் நாங்கள் கதைத்ததில்லை. என்னைப் பார்த்துக் கத்தினார். "மெஸ்யூ! லு துயோ! லு துயோ!" குழாய், குழாய் என்கிறார். எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் பூட்டைவிட்டு நகரவில்லை. அவர் மண்வெட்டியோடு தெருவைக் கடந்து வந்து, அந்த வரம்பில் முழங்காலிட்டு வெட்டத் தொடங்கினார்.

மனைவி கேத்தலோடு வந்தாள். தேநீருக்குக் கொதித்த தண்ணீர். ஆவி அவள் முகத்தை மறைத்தது.

"தள்ளுங்கோ, ஊத்துறன்."

"ஊத்தாதையும்! ஊத்தினா இன்னும் இறுகிப் போம்."

"இறுகட்டும், இப்ப திறக்கட்டும்! தள்ளுங்கோப்பா!"

"உமக்குத் தெரியாது, தள்ளி நில்லும்!"

கேத்தலைக் கையால் தட்டிவிட்டேன். அது பனிக்குள் விழுந்து ஒரு துளையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனது. நான் மறுபடியும் குனிந்து திறப்பை உலுக்கினேன். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஒரு வாரத்துக்கு முன்னர் கற்ற பாடம் அது, சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது என்று. மற்ற எல்லாப் பூட்டுகளுக்கும் அது சரி. என் பூட்டுக்குள் இருந்தது ஐஸ் அல்ல. ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் அது உருகி ஓடியிருக்கும்.

மனைவி வாசல்படியில் ஐஸ் உடைப்பதற்கு வைத்திருந்த நீண்ட இரும்பை எடுத்துக்கொண்டு காரின் மற்றப் பக்கம் போனாள். முன் ஆசனக் கண்ணாடியில் குத்தினாள். இரும்பு வழுக்கியது. நான் என்ன சொன்னேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "பொறும், பொறும், இப்ப திறந்திடும்" என்றேன். அவள் மூன்றாவது குத்தில் கண்ணாடியை உடைத்தாள். கையை உள்ளே விட்டுப் பூட்டை இழுத்துக் கதவைத் திறந்தாள். பட்டியைக் கழற்றிப் பிள்ளையை வெளியே தூக்கினாள். அப்போதும் என் கையில் திறப்பு இருந்தது.

மகளின் முகம் வெளிறியிருந்தது, உதடு ஒட்டியிருந்தது. பனி உடுப்போடு அவள் பாரமாகத் தொங்கினாள். எதிர்வீட்டுக்காரி மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றிப் பிள்ளையின் தலைக்குப் போட்டார், பிறகு அவசரசேவைக்குத் தொலைபேசி அடிக்கத் தன் வீட்டுக்கு ஓடினார். அந்த வயதில் அந்தப் பனிக்குள் ஓடினார். மனைவி பிள்ளையை மடியில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். அவளுடைய வலக்கை முழங்கையிலிருந்து வெட்டுப்பட்டு இரத்தம் பிள்ளையின் உடுப்பில் இறங்கியது. நான் அதைப் பிள்ளையின் இரத்தம் என்று நினைத்துக் கத்தினேன்.

பிள்ளை வாந்தி எடுத்தது. அதன் பிறகு அழுதது. "ஜே மால் ஆ லா தெத்" என்றது. கார்டெரியில் பழகிய பாஷை. தலை இடிக்கிறது என்று சொல்கிறது. அம்புலன்ஸில் அந்தச் சிறிய முகத்துக்குப் பெரிதான ஒட்சிசன் மூடியைப் போட்டார்கள். அதை இழுத்து எறியப் பார்த்த அவளுடைய கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பெண் வந்து என்னைத் தனியறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சமூகசேவை உத்தியோகத்தர். மரியாதையாகத்தான் கேட்டாள். இயங்கும் காருக்குள் பிள்ளையை ஏன் பூட்டினீர்கள்? கள்ளருக்குப் பயந்து என்றேன். எழுதிக்கொண்டாள். கார் சூடாகும் வரை பிள்ளையை வீட்டுக்குள் தாயோடு விட்டிருக்கலாமே? அவள் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு ஒன்றும் எழுதாமல் பக்கத்தைத் திருப்பினாள். அவர்கள் அதற்குப் பிறகு இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன டொக்டரிடம் கேட்டேன், மூளைக்கு ஏதாவது? இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள், ஞாபகம், படிப்பு, நடை, ஏதும் மாறினால் கொண்டுவாருங்கள் என்றார்.

கண்ணாடி போடக் காரைக் கொடுத்த கராஜ்காரன் பூட்டையும் கழற்றி மாற்றினான். பழைய பூட்டை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுத் தந்தான். "இதற்குள் என்ன விட்டீர்கள், கேக் செய்கிற வெண்ணெயா?" என்று சிரித்தான். நான் பையை வாங்கிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் வைத்தேன். அதை எறிந்திருக்கலாம். ஏன் எறியவில்லை என்று தெரியவில்லை. மனைவி எடுத்து மணந்து பார்த்தாள். கையில் தையல் இன்னும் இருந்தது.

"அண்டைக்கு இதையே விட்டனீங்கள்?"

"ஓம்."

"அப்ப அந்தச் சுடுதண்ணி..."

அதோடு நிறுத்திவிட்டாள். பையைக் கட்டிக் குப்பைக்குள் போட்டாள். அந்த வசனத்தை அவள் இன்றுவரை முடிக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. நன்றாகப் படிக்கிறாள் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நான் நம்புவதில்லை. காலையில் அவள் எழும்பி வந்தவுடன் ஏதாவது கேட்பேன். நேற்று என்ன சாப்பிட்டாய்? உன் வகுப்பு ரீச்சரின் பெயர் என்ன? ஏழெட்டு எவ்வளவு? அவள் ஒரு கணம் யோசித்தால் இன்னொரு கேள்வி கேட்பேன். ஒரு எழுத்துப்பிழை, மறந்துபோன ஒரு புத்தகம், ஒரு தலையிடி, எல்லாவற்றையும் நான் அந்தப் பத்து நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் புத்தகம் மறக்கிறார்கள். என் மகள் மறக்கும்போது மட்டும் எனக்கு அந்த இயந்திரத்தின் சத்தம் கேட்கிறது.

போன மாரியில் ஒருநாள் அவள் கரண்டியைக் கோப்பையில் போட்டுவிட்டுக் கேட்டாள். "அம்பத்தாறு. அப்பா, ஏன் எல்லா நாளும் கேக்கிறீங்கள்? நான் என்ன லூசா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பாமல், "பிள்ளை கேக்கிறாள் எல்லே. சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். உனக்கு நாலு வயதில் காருக்குள் புகை வந்தது, நீ மயங்கிவிட்டாய், அம்மா கண்ணாடியை உடைத்து உன்னை எடுத்தாள் என்றேன்.

"அப்ப நீங்க எங்க நிண்டனீங்கள்?"

"பக்கத்தில."

"என்ன செய்தனீங்கள்?"

"பூட்டைத் திறக்கப் பாத்தன்."

"திறந்துதா?"

"இல்லை."

அவள் அதை யோசித்தாள். பிறகு பள்ளி பஸ் வந்துவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எண்ணெயைப் பற்றியும் நான் தட்டிவிட்ட கேத்தலைப் பற்றியும் சொல்லவில்லை. இன்னொரு நாள் கேட்பாள், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை.

அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன், தமிழில். மகளுக்குத் தமிழ் கதைக்கத்தான் வரும், வாசிக்க வராது. எழுதத் தொடங்கும்போதே எனக்கு அது தெரியும். இந்த வீட்டில் இதை வாசிக்கக்கூடிய மற்ற ஆள் அவளுடைய தாய். அவளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.